20 மாதக் குழந்தையுடன் சென்னையிலிருந்து டொராண்டோ: மடியிலா, தனி இருக்கையிலா?

நித்திலாவின் அம்மா

அனைவருக்கும் வணக்கம். வருகிற அக்டோபர் நடுவில் நானும் என் மகளும் சென்னையிலிருந்து டொராண்டோ செல்ல இருக்கிறோம். என் கணவர் ஏற்கெனவே அங்கே வேலையில் சேர்ந்துவிட்டதால் எங்களுடன் வேறு பெரியவர் எவரும் வரவில்லை. பயண நாளில் குழந்தைக்கு 20 மாதம் நிறைந்திருக்கும். எடை 11 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருப்பவள்; 'உட்கார்' என்ற சொல் மட்டும் அவள் காதில் விழுவதே இல்லை.

முதல் கேள்வி இருக்கையைப் பற்றியது. இரண்டு வயதுக்குள் என்பதால் மடியில் வைத்துக்கொண்டால் பெரியவர் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கு அளவில் முடிந்துவிடும். தனி இருக்கை என்றால் ஏறத்தாழ முக்கால் பங்கு கேட்கிறார்கள். மடியில் உட்காரும் பிள்ளைக்கு எதற்கு அவ்வளவு பணம் என்று வீட்டில் எல்லோரும் ஒரே குரலாகச் சொல்கிறார்கள். இரண்டாவது, வழித்தடம். துபாய் வழியாகச் சென்றால் முதலில் 4 மணி நேரம், பிறகு ஒரே மூச்சில் 14 மணி நேரம். லண்டன் வழியாகச் சென்றால் முதலில் 11 மணி நேரம் அளவில், பிறகு 8 மணி நேரம். கைக்குழந்தையோடு தனியாகச் சென்ற அனுபவம் உள்ளவர்கள் எது மேல் என்று சொன்னால் நன்றாக இருக்கும்.

அபுதாபி அண்ணாச்சி

இரண்டு வயது வரை சலுகை கொடுத்திருப்பதே பயன்படுத்திக்கொள்ளத்தான். எங்கள் பிள்ளைகள் எல்லோரும் மடியில் உட்கார்ந்துதான் ஊருக்கு வந்து போனார்கள். பதிவு செய்யும்போதே தொட்டில் பொருத்தும் முன்வரிசை இருக்கையைக் கேட்டு வாங்கிவிடுங்கள், குழந்தை அதில் தூங்கிவிடும். ஏறுவதற்கு அரை மணி நேரம் முன்பு தூக்கம் வரவழைக்கும் பினர்கன் சிரப் கொஞ்சம் கொடுத்தால் இறங்கும்வரை தொல்லை இருக்காது. எங்கள் பக்கத்தில் பலரும் செய்வதுதான், பயப்பட ஒன்றுமில்லை. துபாய் விமான நிலையம் வசதியானது, அந்த வழியே போங்கள்.

மேகமலை

நான் பல ஆண்டுகள் விமானப் பணிப்பெண்ணாக இருந்து ஓய்வு பெற்றவள். அண்ணாச்சி சொன்ன சிரப்பைப் பற்றி மருத்துவர் யாராவது எழுதட்டும். தொட்டிலைப் பற்றி நான் எழுதுகிறேன்.

தொட்டிலுக்கு எடை வரம்பும் உயர வரம்பும் உண்டு, அவை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சிலர் 11 கிலோவில் நிறுத்திவிடுவார்கள், சிலர் 14 கிலோ வரை ஏற்பார்கள். எடை பொருந்தினாலும் 20 மாதக் குழந்தையின் கால்கள் தொட்டிலுக்கு வெளியே வந்துவிடும். தவிர, அதை ஏறும்போதும் இறங்கும்போதும் பொருத்த மாட்டார்கள். நடுவானில் குலுக்கல் வந்து இருக்கைப் பட்டையைக் கட்டச் சொல்லும் விளக்கு எரிந்தால், பெரும்பாலான நிறுவனங்களில், தூங்கும் குழந்தையை எடுத்து மடியில் வைத்துக் கட்டச் சொல்வார்கள். அந்த நேரத்தில் தாய்மார்கள் எங்களைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அதை மறக்கவே முடியாது. முன்வரிசையில் இன்னொரு சங்கடமும் உண்டு. அங்கே கைப்பிடிகள் மேலே தூக்க வராதவை, முன்னால் இருக்கை இல்லாததால் பையைக் காலடியில் வைக்கவும் முடியாது. ஏறும் நேரத்தில் பால் புட்டி உட்பட எல்லாம் தலைக்கு மேலே பெட்டகத்தில் இருக்கும்.

மடிக்குழந்தைக்குப் பல நாட்டு விமானங்களில் பெரியவரின் இடுப்புப் பட்டையோடு கோக்கும் சிறு வளையப் பட்டை ஒன்றைத் தருவார்கள். பிரிட்டன் முதலிய நாடுகளில் அது கட்டாயம். மோதலின்போது தாயின் உடலே குழந்தையை நசுக்கிவிடும் என்ற காரணத்தால் அமெரிக்காவில் அதே பட்டைக்குத் தடை இருக்கிறது. இரு தரப்பும் ஒத்துக்கொள்ளும் ஒரே செய்தி, குழந்தைக்குப் பாதுகாப்பான இடம் தனக்கென்று பட்டை உள்ள தனி இருக்கைதான் என்பது.

1989 ஜூலை 19 அன்று அமெரிக்காவின் சூ சிட்டியில் விபத்துக்குள்ளான யுனைடெட் 232 விமானத்தில் இருக்கை இல்லாத மடிக்குழந்தைகள் நால்வர் இருந்தார்கள். அன்றைய நடைமுறைப்படி, அவர்களைத் தரையில் படுக்கவைத்துப் பிடித்துக்கொள்ளும்படி தலைமைப் பணிப்பெண் ஜேன் பிரவுன் பெற்றோருக்குச் சொன்னார். அவர்களில் ஒரு குழந்தை இறந்துபோனது. அதன் பிறகு பல ஆண்டுகள் அவர் ஒவ்வொரு குழந்தைக்கும் இருக்கையைக் கட்டாயமாக்க வேண்டும் என்று வாதாடினார். எங்கள் பயிற்சியில் இந்தக் கதையைக் கேட்காமல் யாரும் வெளியே வந்ததில்லை. என் பதில் தனி இருக்கை.

இன்னொன்று: குழந்தையை நடைபாதை ஓர இருக்கையில் வைக்காதீர்கள். உணவு வண்டி வரும்போது சின்ன விரல்கள் கைப்பிடிக்கு வெளியே தொங்கும். கொதிக்கும் காப்பிக் குவளை குழந்தையின் தலைக்கு மேலேதான் கை மாறும்.

மதுரை மருத்துவர்

நான் குழந்தைநல மருத்துவர். இந்த சிரப் ஆலோசனையைப் படித்துவிட்டுப் பேசாமல் போக முடியவில்லை.

அண்ணாச்சி, நீங்கள் நல்லெண்ணத்தில்தான் சொன்னீர்கள் என்பது தெரிகிறது. ஆனால் பினர்கனில் இருக்கும் புரோமெதசின் இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குத் தரவே கூடாத மருந்து. மூச்சு ஆபத்தான அளவுக்கு மந்தமாகிவிடும் என்பதால் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004-லேயே மிகக் கடுமையான எச்சரிக்கையை அதன் உறையில் அச்சிட வைத்தது. விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பதற்குச் சமமாக வைக்கப்படுகிறது. கொடைக்கானலில் இருப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். நலமான குழந்தைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் மருந்தால் மூச்சு மந்தமான குழந்தையை, விளக்கணைத்த அறையில், போர்வைக்குள், 14 மணி நேரம் யார் கவனித்துக்கொண்டிருப்பார்கள்? சளிக்குக் கொடுக்கும் மற்ற சிரப்புகளும் வேண்டாம். குளோர்பெனிரமினும் பினைல்எப்ரினும் சேர்ந்த கலவையை நான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தரக் கூடாது என்று நம் நாட்டுக் கட்டுப்பாட்டு அமைப்பே 2023 டிசம்பரில் உத்தரவிட்டிருக்கிறது. இந்த வகை மருந்துகளால் சில குழந்தைகள் தூங்குவதற்குப் பதிலாகப் படபடத்து, அலறி, கட்டுக்கடங்காமல் போவதும் உண்டு. அது நிகழ்ந்தால் மருந்தின் வேகம் தணியும்வரை எதுவும் செய்ய முடியாது.

காது வலி குறித்து யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். நடுக்காதையும் தொண்டையின் பின்பகுதியையும் இணைக்கும் குழாய் குழந்தைகளுக்குக் குறுகலானது. விமானம் ஏறும்போது உள்ளே மிகுந்த காற்று தானாக வெளியேறிவிடும். இறங்கும்போது குழாய் திறந்து காற்று உள்ளே போக வேண்டும், அது விழுங்கும்போதுதான் திறக்கும். ஆகவே தாய்ப்பால், புட்டிப் பால், உறிஞ்சு குவளையில் தண்ணீர் என எதுவானாலும் இறங்கும் நேரத்துக்கு ஒதுக்கி வையுங்கள். பல தாய்மார்கள் புறப்படும்போதே எல்லாவற்றையும் குடிக்க வைத்துவிட்டு, உண்மையில் தேவைப்படும் நேரத்தில் வெறும் புட்டியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். தரையிறங்க ஏறத்தாழ அரை மணி நேரம் இருக்கும்போதே இறக்கம் தொடங்கிவிடும், குழந்தை தூங்கினாலும் எழுப்பிக் கொடுங்கள். காதில் சீழோ கடுமையான சளியோ இருந்தால் பயணத்துக்கு முன்பு ஒருமுறை உங்கள் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

அபுதாபி அண்ணாச்சி

மருத்துவர் ஐயா சொன்ன பிறகு மறுபேச்சு இல்லை. சகோதரி, சிரப் வேண்டாம்.

பதினெட்டாம் வரிசை

எனக்குக் குழந்தைகள் இல்லை. வேலை நிமித்தம் அடிக்கடி பறப்பவன். எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு குரல் இருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

குழந்தை அழுவதைப் பற்றித் தாய்மார்கள் வருந்துகிற அளவுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் வருந்துவதில்லை. இயந்திர இரைச்சலில் பாதி கரைந்துவிடும், மீதியைக் காதடைப்பான் பார்த்துக்கொள்ளும். சுற்றி இருப்பவர்களுக்கெல்லாம் மிட்டாய்ப் பொட்டலமும் மன்னிப்புச் சீட்டும் கொடுக்கும் புதிய வழக்கம் எனக்குத் தேவையற்றதாகவே தோன்றுகிறது. முதுகில் உதை விழுவதுதான் தாங்க முடியாதது. நான் ஒருமுறை எழுந்து பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. பெரியவர்களுக்கு முழங்கால் மடங்கும் இடத்தில் அந்தக் குழந்தைக்குப் பாதம் இருந்தது. கால்கள் நேராக நீட்டிக்கொண்டு முன்னிருக்கையைத் தொட்டன. அது காலை அசைத்தாலே என் முதுகில் படும். காலணியைக் கழற்றி, முதுகுக்குப் பின்னால் தலையணை வைப்பதற்குப் பதிலாகக் காலுக்கும் முன்னிருக்கைக்கும் நடுவே போர்வையைச் சுருட்டி வைத்தார் அந்தத் தாய். அதோடு சரியாகிவிட்டது. மடியில் இருக்கும் குழந்தையின் கால் இன்னும் எளிதாக எட்டும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

சிட்னி அப்பா

மேகமலை அம்மையார் சொன்ன முடிவை ஏற்கிறேன், அதற்கு அவர் சொன்ன காரணத்தை முழுமையாக ஏற்க முடியவில்லை. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் இருக்கையைக் கட்டாயமாக்கும் யோசனையை 2005-ல் கைவிட்டபோது சொன்ன காரணத்தையும் பார்க்க வேண்டும். கட்டணம் ஏறினால் சில குடும்பங்கள் விமானத்தை விட்டுச் சாலையில் போவார்கள், சாலையில் குழந்தைகள் இறப்பது அதைவிட மிகுதி என்றார்கள். சென்னையிலிருந்து டொராண்டோவுக்குக் காரில் போக முடியாது என்பதால் அந்த வாதம் நமக்குப் பொருந்தாது என்பது வேறு விஷயம். ஆனால் பெரும் விபத்து மிக அரிது என்பது உண்மை. அச்சத்தின் பேரில் இருக்கை வாங்கச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

நான் வாங்கச் சொல்வது உங்கள் கைகளுக்காக. 11 கிலோ எடை தொடையிலேயே கிடந்தால் ஆறாவது மணி நேரத்தில் கால் மரத்துப்போகும். உணவுத் தட்டு வந்தால் எங்கே வைப்பது? துணைக்கு ஆள் இருந்தால் மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாம், நீங்களோ தனியாகப் போகிறீர்கள். குலுக்கலும் கதையில் வருவதில்லை, நடப்பில் வருவது. 2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூர் வந்த விமானம் நடுவானில் திடீரென்று குலுங்கி, ஒருவர் இறந்து, பலர் காயமடைந்து, பாங்காக்கில் இறக்கப்பட்டது நினைவிருக்கும். அப்படி ஒரு கணத்தில் கையால் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைப்பது நடவாத காரியம்.

பட்டைக்கு ஒரு வழி இருக்கிறது. இருக்கையின் முதுகைச் சுற்றிக் கட்டித் தோள்களைப் பிடிக்கும் 'கேர்ஸ்' என்ற சேணப் பட்டை 10 முதல் 20 கிலோ வரையுள்ள, ஒரு மீட்டர் உயரம் வரையிலான குழந்தைகளுக்கானது. கைப்பையில் அடங்கிவிடும். உங்கள் மகளின் எடைக்குப் பொருந்துகிறது. ஆனால் எல்லா நிறுவனங்களும் அதை ஒரே மாதிரி ஏற்பதில்லை. முன்பே மின்னஞ்சலில் கேட்டு, அவர்கள் பதிலை அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் நின்று வாதாடும்போது காகிதத்துக்கு இருக்கும் மதிப்பே தனி.

வழித்தடத்தைப் பொறுத்தவரை நான் நீண்ட துண்டின் பக்கம். 14 மணி நேரத்தில் குழந்தை ஒரு முழு இரவு தூங்க இடம் இருக்கிறது. லண்டன் வழியில் ஒவ்வொரு துண்டிலும் தூங்க ஆரம்பித்த பிறகு எழுப்ப நேரிடலாம். இதற்கு மாறாக நினைப்பவர்களும் உண்டு; நடுவில் தரையில் ஓடி விளையாட ஒரு வாய்ப்பு கிடைப்பது அவர்களுக்குப் பெரிது. உங்கள் மகள் இரவில் ஒரே நீட்டாகத் தூங்குகிறவளா என்பதை வைத்து முடிவு செய்யுங்கள்.

காரைக்குடிப் பாட்டி

எனக்கு விமான விதி எல்லாம் தெரியாது. பேரப் பிள்ளைகளுக்குச் சோறு கட்டிக் கொடுத்து அனுப்பிய அனுபவத்தைச் சொல்கிறேன்.

புதுப் பண்டம் எதையும் அன்று பழக்காதே அம்மா. வீட்டில் எதைத் தின்னுமோ அதையே கட்டு. தேங்காய்ச் சட்னி, தயிர் சேர்ந்தது எதுவும் வேண்டாம், சீக்கிரம் புளித்துவிடும். சின்னச் சின்ன இட்லியாக ஊற்றி, நெய் தடவி, இனிப்புப் பொடி தூவி, ஆறிய பிறகு டப்பாவில் அடைத்தால் முதல் விமானம் வரை தாங்கும். அதற்குப் பிறகு பொரி, ரஸ்க், உலர் திராட்சை. பொரியை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்ன ஒரு பிள்ளைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று பார்த்திருக்கிறாயா? பொம்மையைவிட அதுதான் நேரத்தைக் கொண்டுபோகும். முழு நிலக்கடலை மட்டும் கொடுத்துவிடாதே, தொண்டையில் சிக்கிக்கொள்ளும். குழந்தைக்கு மாற்றுத் துணி எல்லோரும் எடுப்பார்கள். உனக்கு ஒரு மாற்று மேல்சட்டை கைப்பையிலேயே இருக்கட்டும்.

மேகமலை

பாட்டியம்மாவின் பொரிக்கு என் முழு ஆதரவு. தரையைப் பெருக்குபவர்கள் மட்டும் என்னை மன்னிக்கட்டும்.

ஒரு சேர்க்கை: பால்மாவு கரைக்க அடைத்து விற்கும் குடிநீரையே கேளுங்கள், கழிவறைக் குழாய் நீரைத் தொடாதீர்கள். பாதுகாப்புச் சோதனையில் 100 மில்லி வரம்பு குழந்தையின் பாலுக்கும் உணவுக்கும் பொதுவாகப் பொருந்தாது, ஆனால் தனியே எடுத்துக் காட்டிச் சொல்ல வேண்டும். கழிவறையில் குழந்தையைப் படுக்கவைக்கும் பலகை கைக்குழந்தை அளவுக்கே இருக்கும்; நிற்கும் குழந்தைக்கு, நிற்க வைத்தே மாட்டிவிடக்கூடிய பேண்ட் வகை டயப்பர்தான் தோது.

நித்திலாவின் அம்மா

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. வீட்டில் இந்தப் பதிவுகளைப் படித்துக் காட்டினேன். குலுக்கலைவிட, தனி இருக்கை என்றால் குழந்தைக்கும் முழு சுமை அளவு உண்டு என்று நிறுவனம் சொன்னதுதான் மாமியாரின் மனத்தை மாற்றியது. மசாலாப் பொடிகளும் பாத்திரங்களும் இப்போதே பட்டியலில் ஏறிவிட்டன. மகள் இரவில் ஒரே நீட்டாகத் தூங்குகிறவள் என்பதால் துபாய் வழி. திரும்பி வரும்போது அவளுக்கு இரண்டு வயது கடந்திருக்கும் என்பதால் அப்போது எப்படியும் தனி இருக்கை வாங்கத்தான் வேண்டும்.

இனி டொராண்டோ பக்கம். என் கணவர் உடன் வராததால் ஆவணங்களில் ஏதும் சிக்கல் வருமா? அங்கே நேரம் மாறுவதைக் குழந்தை எப்படித் தாங்கும்?

ஸ்கார்பரோவாசி

வணக்கம் சகோதரி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ரொறன்ரோவில் நீண்ட காலமாக வசிப்பவன். இரு பக்கத்து உறவுகளும் கைக்குழந்தைகளோடு வந்து போவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

பெற்றோரில் ஒருவர் மட்டும் பிள்ளையோடு வந்தால், மற்றவர் கையொப்பமிட்ட சம்மதக் கடிதம் ஒன்றை வைத்திருக்கும்படி கனடா அரசு வலியுறுத்துகிறது. கணவர் விமான நிலையத்தில் காத்திருந்தாலும் கடிதத்தை வாங்கி வைத்திருங்கள். அவருடைய கடவுச்சீட்டின் நகலும், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழும் கூடவே இருக்கட்டும். தனி இருக்கை வாங்கியிருந்தாலும் பிள்ளையை வேறு வரிசையில் போட்டுவிடுவார்களோ என்ற கவலை வேண்டாம். கனடாவுக்கு வரும், கனடாவிலிருந்து போகும் விமானங்களில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பெற்றோருக்குப் பக்கத்து இருக்கையிலேயே, மேலதிகக் கட்டணம் இன்றி அமர்த்த வேண்டும் என்பது இங்குள்ள பயணிகள் பாதுகாப்பு விதி. அதையும் பதிவு செய்யும்போதே கேட்டு உறுதி செய்யுங்கள். உணவுப் பொருட்களைச் சுங்கத்தில் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

நேர மாற்றம்தான் உண்மையான சோதனை, அது இறங்கிய பிறகு ஆரம்பிக்கும். ஒக்டோபரில் ரொறன்ரோ சென்னையைவிட ஒன்பதரை மணி நேரம் பின்னால் இருக்கும். இங்கே இரவு 2 மணிக்குப் பிள்ளை எழுந்து உட்கார்ந்தால், சென்னைக் கணக்கில் அது காலை பதினொன்றரை. பிள்ளைக்கு உண்மையாகவே பசிக்கும். 'படு, படு' என்று அதட்டுவதால் பலன் இல்லை. பெரிய விளக்கைப் போடாமல், சோற்றையோ பாலையோ கொடுத்து, தொலைக்காட்சியையும் கைபேசியையும் தொடாமல், மறுபடி படுக்கையில் விட்டுவிடுங்கள். பகலில் வெளியே வெளிச்சத்தில் நடக்க விடுங்கள். பின்னேரம் நான்கு மணிக்கு மேல் தூங்கினால் எழுப்பத்தான் வேண்டும், மனம் கேட்காது என்றாலும். சில பிள்ளைகள் நாலைந்து நாளில் பழகிவிடுவார்கள், சிலருக்கு ஒரு கிழமைக்கு மேலும் ஆகும். கணவருக்கு அந்த முதல் வாரத்தில் விடுப்பு எடுக்க முடிந்தால், இரவில் முறை வைத்து விழிக்கலாம்.

சூப்பி (பிள்ளை வாயில் வைத்துச் சப்பும் ரப்பர் காம்பு) பழக்கம் இருந்தால், அதை நிறுத்துவதற்கு இது நேரம் இல்லை. கூடுதலாக ஒன்றை உங்கள் சட்டைப் பையிலேயே வைத்திருங்கள்.

நித்திலாவின் அம்மா

கடிதத்துக்கு இன்றே கணவரிடம் சொல்லிவிட்டேன். கடைசியாக ஒன்று. விமான நிலையத்திலிருந்து வீட்டுக்குக் காரில் போக வேண்டும். கார் இருக்கையைச் சென்னையிலேயே வாங்கி, விமானத்திலும் அதையே பயன்படுத்தினால் இரண்டு வேலையும் முடியுமா?

ஸ்கார்பரோவாசி

வேண்டாம். கனடாவில் காரில் பயன்படுத்தும் பிள்ளை இருக்கையில் இந்நாட்டின் தேசியப் பாதுகாப்பு முத்திரை ஒட்டியிருக்க வேண்டும். சென்னைக் கடைகளில் கிடைப்பவற்றில் அது இருக்காது. விமானத்துக்குச் சேணப் பட்டை போதும். கார் இருக்கையை உங்கள் கணவர் இங்கே வாங்கி, முந்தைய நாளே காரில் பொருத்திப் பார்த்துவிட்டு விமான நிலையத்துக்குக் கொண்டுவரட்டும். முதன்முறை பொருத்துவதற்கு அரை மணி நேரம் ஆகும், அதை வாகனத் தரிப்பிடத்தில் பிள்ளை அழும்போது செய்யக் கூடாது. ஒக்டோபரில் குளிர் தொடங்கியிருக்கும் என்று தடித்த கோட்டைப் போட்டு, அதன் மேலே பட்டையைப் பூட்டிவிடாதீர்கள், பட்டை தளர்ந்து நிற்கும். கோட்டைக் கழற்றிப் பட்டையை இறுக்கிய பிறகு, அதையே மேலே போர்த்திவிடுங்கள்.